யூபோர்பியா ஒபேசா: கன்றுக்கு நல்ல புள்ளி, அது வரும் சாடிக்கு இல்லை

யாழ்ப்பாணத்துப் பூங்கன்றுக் கடைகளில் இப்போது இரண்டரை அங்குலக் கறுப்புப் பிளாஸ்ரிக் சாடியில் ஒரு பச்சை உருண்டை விற்பனைக்கு வருகிறது. முள் இல்லை, இலை இல்லை. எட்டு வரம்பு, வரம்புக்கு வரம்பு ஊதாவும் பழுப்புமாகச் சாரத்துக் கட்டம் போன்ற கோடுகள். பெயர்ச்சீட்டில் பெரும்பாலும் ‘சக்குலன்ற்’ என்று மட்டும் இருக்கும். சில கடைகளில் ‘பேஸ்போல் கள்ளி’ என்பார்கள். சரியான பெயர் யூபோர்பியா ஒபேசா.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கன்று யாழ்ப்பாணத்துக்கு ஏற்றது, தயங்காமல் வாங்கலாம். அது நட்டிருக்கும் கலவை யாழ்ப்பாணத்து மாரிக்கு ஏற்றதில்லை. வாங்கிய கிழமையே மாற்றவேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் ‘இது எங்கட ஊருக்குச் சரிவராத கன்று’ என்ற பேச்சு பரவிக்கிடக்கிறது. கன்றுக்குப் பத்துக்கு ஒன்பது கொடுக்கலாம். சாடிக்கும் கலவைக்கும் சேர்த்து இரண்டு. பெயர்ச்சீட்டுக்குப் புள்ளி எதுவும் இல்லை.

இது தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில், பெருங் கரூ எனப்படும் வறண்ட நிலத்தில், கிராஃப் றெய்னெற் நகரைச் சுற்றிய சிறு பரப்பில் மட்டும் இயற்கையாக வளரும் கன்று. கல்லுக்குக் கல்லாகக் கிடக்கும். குட்டைப் பற்றைகளின் கீழே அரை நிழலில் இருக்கும். அங்கே மழை குறைவு. பெய்வதும் பெரும்பாலும் கோடையில்தான். 1903இல் ஜோசப் டால்ற்றன் ஹூக்கர் இதற்குப் பெயரிட்டு விவரித்தார். லத்தீனில் ‘ஒபேசா’ என்றால் பருத்தது. பெயர் வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே சேகரிப்பாளர்கள் தோண்டித் தோண்டி எடுத்ததால் அது தன் சொந்த நிலத்திலேயே அருகிப்போனது. இன்று கடைகளில் கிடைப்பவை விதையிலிருந்து வளர்த்தவை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

இந்தப் பின்னணியில் நமக்குப் பயன்படும் விடயம் ஒன்று உண்டு. கோடை மழையில் வளரும் கன்று என்பதால் வெப்பம் இதற்குப் பகையில்லை. அதே கடைகளில் பக்கத்துத் தட்டில் விற்கப்படும் லித்தொப்ஸ் எனும் கல்செடியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். லித்தொப்ஸ் குளிர்ந்த வறண்ட பருவத்தில் பழைய இலையை உறிஞ்சிப் புதிய இலை விடுவது. யாழ்ப்பாணத்தில் இரவு வெப்பம் 26 பாகைக்குக் கீழே இறங்காத மாதங்கள் பல. குளிர்மை வருகிற மார்கழியிலோ காற்று முழுக்க ஈரம். லித்தொப்ஸ் இங்கே ஒரு வருடம் தாண்டுவது அரிது. காசைக் கரைக்க விருப்பமில்லாதவர்கள் அதைத் தொடவேண்டாம். ஒபேசாவுக்குக் குளிர் ஓய்வு கட்டாயமில்லை; எங்கள் வெயிலில் பெரும்பகுதி ஆண்டும் மெல்ல மெல்ல வளரும். பாலைவன றோசாவை மாரியில் அழுகவிடாமல் காப்பாற்றத் தெரிந்தவருக்கு இது ஒரு படி கூடுதலான பயிற்சி, அவ்வளவுதான்.

கடையில் என்ன பார்க்கவேண்டும்? முதலில் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் உருண்டையின் நடுவையும் அடியையும் மெல்ல அழுத்துங்கள். பச்சைத் தேசிக்காய் போல இறுக்கமாக இருக்கவேண்டும். முழுக்கன்றும் ஒரே சீராகச் சற்று நெகிழ்ந்திருந்தால் தண்ணீர்த் தாகம், அது தீரும். அடி மட்டும் மெதுவாக, மேல் இறுக்கமாக இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது, அது தீராது. அடியில் பழுப்பு நிறமாகத் தக்கை போலத் தடித்திருப்பது வயதின் அடையாளம், நோயில்லை. பழுப்பாகவும் கடினமாகவும் இருந்தால் நல்லது, பழுப்பாகவும் ஈரமாகவும் இருந்தால் கெட்டது என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். நகத்தால் கீறிப் பார்க்கக்கூடாது. ஏன் என்று பின்னால் வரும்.

அடுத்தது, கன்றைப் பிடித்து இலேசாக ஆட்டுங்கள். சாடியோடு சேர்ந்து அசைந்தால் வேர் பிடித்திருக்கிறது. தனியே தள்ளாடினால் வேர் இல்லை, அல்லது அண்மையில்தான் பிடுங்கி நட்டிருக்கிறார்கள். மேலே பரவிய வெள்ளைக் கற்களை ஒரு விரலால் விலக்கிப் பாருங்கள். பார்சலில் கொட்டாமல் இருக்கச் சிலர் கல்லைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். அப்படி ஒட்டிய சாடியில் தண்ணீர் ஓரத்தால் மட்டுமே இறங்கும், நடுக் கலவை காயவும் மாட்டாது, நனையவும் மாட்டாது. அதை வாங்கினால் அன்றே உடைத்து எடுக்கவேண்டும்.

பிறகு கடைக்காரரிடம் ஒரு கேள்வி: “அண்ணை, இது விதையில வந்ததோ, ஒட்டினதோ?” வேறொரு கள்ளியின் தண்டில் ஒட்டிய கன்று விரைவாகப் பருக்கும், பார்க்கப் பெரிதாக இருப்பதால் விலையும் கூடச் சொல்வார்கள். ஆனால் உருவம் ஊதிப்போய் வரம்புகளின் அழகு கெடும். அடித்தண்டு அழுகினால் இரண்டும் போகும். சில ஒட்டுக்கன்றுகளில் தண்டைக் கலவைக்குள் புதைத்து மறைத்திருப்பார்கள். விரலால் ஓர் அங்குலம் தோண்டினால் தெரிந்துவிடும். சொந்த வேரில் நிற்கும், மூன்று முதல் ஐந்து சென்ரிமீற்றர் விட்டமுள்ள விதைக்கன்றுதான் காசுக்கு ஏற்றது. அதைவிடச் சிறியது மாரியைத் தாங்குவது கடினம். மிகப் பெரியதுக்குக் கொடுக்கும் காசு அதன் வயதுக்குக் கொடுப்பது. சாடி மாற்றத்தில் போனால் நட்டம் பெரிது.

பெயர் மாறி விற்பதும் நடக்கிறது. அஸ்றோபைற்றம் அஸ்ரீறியஸ் என்ற மெக்சிக்கோக் கன்றுக்கும் முள் இல்லை, எட்டு வரம்பு உண்டு, உருண்டையாகவும் இருக்கும். அது நாகதாளி இனம். ஒபேசா கள்ளி இனம். அதன் வரம்பில் வெள்ளைப் பஞ்சுப் பொட்டுகள் ஒழுங்காக வரிசையில் இருக்கும், உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் தூவியிருக்கும். ஒபேசாவில் பஞ்சு கிடையாது. வரம்பின் முதுகில் தையல் போட்டது போல் சிறு பொட்டுகளும் குறுக்குக் கோடுகளும் மட்டும். இன்னொன்று யூபோர்பியா மெலோஃபோர்மிஸ். அதன் பூக்காம்புகள் காய்ந்த பிறகும் உச்சியில் குச்சி குச்சியாக நிற்கும். மூன்றும் நல்ல கன்றுகள்தான், ஆனால் ஒபேசாவின் விலைக்கு மற்றதை வாங்க வேண்டியதில்லை. ஒபேசாவும் மெலோஃபோர்மிஸும் கலந்த கலப்பினங்களும் புழங்குகின்றன; விதை எடுக்கும் எண்ணம் இருந்தால் அவற்றைத் தவிர்க்கவேண்டும்.

இனி, இரண்டு புள்ளி வாங்கிய அந்தக் கலவை. சாடியைக் கவிழ்த்தால் வருவது பெரும்பாலும் தும்புத்தூளும் கூட்டெருவும், மேலே ஒரு பிடி வெள்ளைக் கல்லும். மலைநாட்டில் காற்றோட்டமுள்ள கண்ணாடிக் கூடாரத்தில், கணக்காகத் தண்ணீர் விட்டு வளர்ப்பவருக்கு இது வசதி: இலேசு, மலிவு, பார்சலில் பாரமில்லை. யாழ்ப்பாணத்தில் இது இரண்டு விதமாகக் கெடுக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை தும்புத்தூள் குடித்த தண்ணீரை விடாது. பங்குனி சித்திரையில் முற்றாகக் காய்ந்துவிட்டால் திரும்ப நனைவதில்லை. ஊற்றுகிற தண்ணீர் சாடி ஓரத்தால் ஓடிப் போய்விடும், நடுவில் இருக்கும் வேருக்கு ஒன்றும் கிடைக்காது.

மாரியில் ஏன் அழுகுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும். இந்த வகைக் கன்றுகள் பகலில் தோலிலுள்ள நுண்துளைகளை மூடி, இரவில் திறந்து மூச்சு விடுபவை. கரூவில் இரவு குளிர்ந்து வறண்டது, துளை திறந்தால் நீராவி போகும், வேர் புதிதாக உறிஞ்சும். எங்கள் கார்த்திகை இரவில் காற்றே ஈரத்தால் நிறைந்து நிற்கிறது. கன்றிலிருந்து நீர் போக வழியில்லை, ஆகவே வேர் குடிப்பதுமில்லை. சாடிக்குள் இருக்கும் ஈரம் அப்படியே வெதுவெதுப்பாகத் தேங்கும். காற்றுக் கிடைக்காத வேர் நுனி செத்து, அந்தப் புண்வழியே பூஞ்சணம் உள்ளே போகிறது. வெளியில் தெரிய இரண்டு மூன்று கிழமை எடுக்கும். தெரிந்த பிறகு ஒரு கிழமைக்குள் முடிந்துவிடும். ‘நேற்றுவரை நல்லாத்தான் இருந்தது’ என்று சொல்வது இதனால்தான்.

மாற்றுக் கலவைக்கு வேண்டியதெல்லாம் ஊரிலேயே கிடைக்கிறது. பால்பேணி அளவில்: உடைத்த கூரை ஓட்டுத்துண்டு நாலு பேணி, கருங்கல் சிப்ஸ் இரண்டு பேணி, உமிக்கரி ஒரு பேணி, அரித்த பழைய கூட்டெரு ஒரு பேணி. எட்டுப் பேணிக்கு நாலங்குலச் சாடி ஏறத்தாழ நாலு நிரம்பும். ஓட்டைச் சாக்குக்குள் போட்டுச் சுத்தியலால் உடைத்து, மூன்று முதல் ஆறு மில்லிமீற்றர் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு தூளை அரிதட்டில் அரித்துத் தள்ளிவிடுங்கள். பிறகு தண்ணீர் தெளிகிற வரை கழுவவேண்டும். இந்தக் கழுவுதலைச் சோம்பலில் விட்டால் தூள் அடியில் படிந்து சீமெந்து போல் இறுகும். செய்த வேலை அத்தனையும் வீண். உமிக்கரிக்குக் காரத்தன்மை உண்டு, எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கும் உண்டு. ஆகவே ஒரு பேணிக்கு மேல் போகவேண்டாம்.

சேர்க்கக்கூடாதவை மூன்று. கடற்கரை மணல்: உப்பும் சிப்பித்தூளும் சேர்ந்தது, மணற்காட்டு மணலானாலும் சரி. சுண்ணாம்புக்கல் சல்லி: குடாநாட்டு நிலமே அதுதான், மலிவாகவும் கிடைக்கும், ஆனால் ஏற்கெனவே காரமான தண்ணீரோடு சேர்ந்தால் இரும்புச் சத்து கன்றுக்கு எட்டாமல் போய் உச்சி வெளிறும். செம்பாட்டு மண்: வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பொன், இந்தச் சாடிக்குள் களியாக இறுகும். கலவை சரியா என்று பார்க்க, நிரப்பிய வெறுஞ்சாடியில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்றவே அடியால் ஓடவேண்டும். மேலே பத்து விநாடிக்கு மேல் தேங்கி நின்றால் இன்னும் தூள் இருக்கிறது, திரும்ப அரியுங்கள்.

சாடி சுட்ட மண்ணாக இருப்பது நல்லது. அதன் பக்கங்களாலும் ஈரம் ஆவியாகும். விட்டம் கன்றைவிட ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ கூட இருந்தால் போதும். ஆழம்தான் முக்கியம். ஒபேசாவுக்கு ஆணிவேர் உண்டு. நாலங்குல ஆழமாவது வேண்டும். அடித்துளை சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இருக்கட்டும். ஒரே சிறு துளையோடு வரும் சாடியைத் துளைகருவியால் பெருப்பித்துக்கொள்ளலாம்.

மாற்றும் முறை இது. கடைச் சாடியில் தண்ணீர் விடாமல் நாலைந்து நாள் காயவையுங்கள். பிளாஸ்ரிக் சாடியைப் பக்கங்களில் பிசைந்து கன்றைக் கலவையோடு வெளியே எடுத்து, தும்புத்தூளை விரலால் உதிர்த்துவிடுங்கள். வேரோடு ஒட்டியதை மழைத்தண்ணீரில் கழுவுங்கள். நடு வேரைச் சுற்றி வலைத்துணிப் பை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். நாற்றாக இருந்தபோது போட்ட அந்தப் பையைப் பலர் எடுக்காமலே விற்கிறார்கள், அது ஆணிவேரை நெரிக்கும். கத்தரிக்கோலால் வெட்டி அகற்றவேண்டும். காய்ந்த, உள்ளீடற்ற வேர்களை நீக்கி, கன்றை நிழலில் கடதாசி மேல் ஐந்து முதல் ஏழு நாள் கிடத்துங்கள். வெட்டுப்பட்ட வேர் வாய் மூட அவ்வளவு காலம் வேண்டும். பிறகு காய்ந்த கலவையில் நடுங்கள். முன்பு மண்மட்டம் இருந்த கோட்டுக்கு மேல் புதைக்கக்கூடாது. கழுத்தைச் சுற்றி அரை அங்குலத்துக்குக் கருங்கல் சிப்ஸ் மட்டும் போடுங்கள். முதல் தண்ணீர் நட்டு ஏழு நாள் கழித்து. இந்தப் பதினான்கு நாளில் கன்று சற்றுச் சுருங்கும். பயந்து தண்ணீர் விட்டுவிடாதீர்கள்.

இந்த வேலைக்குக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கள்ளிப்பால் என்ற சொல்லே எங்களுக்கு எச்சரிக்கை; வேலியோரச் சதுரக்கள்ளியின் பால் எப்படியோ அப்படித்தான் இதன் பாலும். தோலில் பட்டால் எரியும், சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போகும். கண்ணில் பட்டால் உடனே ஓடும் சுத்தத் தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டு, தாமதியாமல் ஆசுப்பத்திரிக்குப் போகவேண்டும். தாய்ப்பால், நல்லெண்ணெய் என்று கைமருந்து எதுவும் வேண்டாம். கண்ணின் கருவிழி புண்படக்கூடிய விடயம் இது. சிறு பிள்ளைகள் பந்தென்று எடுத்துவிடக்கூடிய உருவம் என்பதால் சாடியை அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும்.

இடத்தைப் பற்றி. காலை வெயில் பத்தரை மணிவரை நேராக, அதன் பிறகு பாதி நிழல் என்பது ஒபேசாவுக்குப் பிடித்த கணக்கு. கிழக்குப் பார்த்த விறாந்தையின் ஓரம் ஆண்டில் ஒன்பது மாதத்துக்குச் சரியான இடம். திறந்த முற்றத்தில் வைப்பதானால் 50 வீத நிழல் வலை கட்டுங்கள். சித்திரை நடுவிலும் ஆவணியிலும் யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த நாட்களில் வலையில்லாத கன்றின் உச்சி வெந்து, வெளிறிய தழும்பு விழும். அந்தத் தழும்பு ஒருநாளும் ஆறாது, கன்று வளர வளரக் கீழே இறங்கும், அவ்வளவுதான். முழு நிழலில் வைத்தாலும் கெடும்: உச்சி கூம்பி, கோடுகள் மங்கி, வெறும் பச்சைக் கத்தரிக்காய் போல நீளும். மதில் மேல் வைக்கும் வழக்கத்தை விடுங்கள். பகல் முழுதும் சூடேறிய சீமெந்து இரவிலும் வேரைச் சுடும்.

மாரி வந்ததும் அதே கிழக்கு விறாந்தை எதிரியாகிவிடும். வாடைக்காற்றோடு சாரல் வடகிழக்கிலிருந்துதான் அடிக்கிறது. ஐப்பசி பிறந்ததும் சாடிகளைத் தெற்கு அல்லது மேற்குப் பக்கத்துக்கு, கூரையின் கீழே குறைந்தது நாலடி உள்ளே மாற்றவேண்டும். ஒரு நாள் நனைந்தால் செத்துவிடாது. மூன்று நாள் தொடர்ந்து நனைந்து பிறகு மப்பாக இருந்தால்தான் ஆபத்து. தாழமுக்கம் விலகிச் சட்டென்று வெயில் எறிக்கும் நாளில் கன்றுகளை ஒரேயடியாக வெளியே தூக்கி வைக்காதீர்கள். பத்து நாள் மப்புக்குப் பழகிய தோல் அரை நாளில் பொசுங்கும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு சொன்னாலும் அது தொடக்கத்துக்கு மட்டும்தான். தை கழிந்து சித்திரை வரை எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை. வைகாசியில் சோளகக் காற்று எழுந்து புரட்டாதி வரை வீசும்; அந்தக் காற்று மண்சாடியை இரண்டு நாளில் காயவைத்துவிடும், அப்போது ஆறேழு நாளுக்கு ஒருமுறை. ஐப்பசி முதல் மார்கழி வரை மூன்று கிழமைக்கு ஒருமுறை, அதுவும் வரம்புகள் இலேசாக ஒடுங்கினால் மட்டும். சரியாகத் தெரிந்துகொள்ள ஒரு தென்னோலை ஈர்க்கை எடுத்துச் சாடியின் அடிவரை குத்தி ஐந்து நிமிடம் விட்டு இழுங்கள். நிறம் கறுத்து, தொட்டால் குளிர்ந்திருந்தால் ஈரம் இருக்கிறது. காய்ந்து வந்தாலும் இன்னும் இரண்டு நாள் பொறுத்து ஊற்றுங்கள். குசினித் தராசு வைத்திருப்பவர்கள் சாடி காய்ந்திருக்கும்போது உள்ள நிறையையும் ஊற்றி வடிந்த பின் உள்ள நிறையையும் அடியில் எழுதி ஒட்டிவிட்டால் ஈர்க்கும் தேவையில்லை. ஊற்றும்போது அடியால் ஓடுகிற வரை முழுதாக ஊற்றவேண்டும். தினம் ஒரு கரண்டி தெளிப்பது மேல் ஓர் அங்குலத்தை நனைத்து ஆணிவேரைப் பட்டினி போடும்.

எந்தத் தண்ணீர் என்பது அடுத்த கேள்வி. குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் ஊறுபவை. கரையோரக் கிணறுகளில் கோடை முடிவில் உவரும் ஏறும். அந்தத் தண்ணீரையே விட்டால் ஒரு வருடத்தில் மண்சாடியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்து, கன்றின் கழுத்தைச் சுற்றி உப்பு வளையம் கட்டும். அந்த வளையத்தில் தோல் வெடித்தால் அழுகலுக்கு அதுவே வாசல். மழைத்தண்ணீர் சேர்ப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. மூன்றங்குலச் சாடிக்கு ஒருமுறைக்கு 100 மில்லிலீற்றர், மழையில்லாத ஒன்பது மாதத்தில் 35 தடவை என்று வைத்தால் ஒரு கன்றுக்கு மூன்றரை லீற்றர். பத்துக் கன்றுக்கு 20 லீற்றர்க் கான் இரண்டு போதும். முதல் மழையில் கூரைத் தூசி வரும், அதை விட்டு மூன்றாம் நான்காம் மழையில் பிடியுங்கள். மூடி இறுக்கமாக இருக்கவேண்டும், நுளம்பு பெருகவிடக்கூடாது.

பசளை ஆண்டுக்கு இரண்டு தடவை, மாசியிலும் ஆனியிலும், பைக்கற்றில் எழுதியிருக்கும் அளவின் காற்பங்கு. யூரியா கிட்டவும் வேண்டாம். திடீரென்று பருத்து வரம்புக்கு நடுவே வெடிக்கும்.

பூச்சிகளில் முதல் எதிரி வெண்மூட்டுப்பூச்சி. உச்சியில் பூக்காம்பு விழுந்த தழும்புகளுக்குள்ளும், கல்லுக்குக் கீழே கழுத்தோரத்திலும் ஒளிந்திருக்கும். எறும்பு சாடியில் ஏறி இறங்கினால் அது இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 70 வீத ஐசோபுறோபைல் மதுசாரத்தைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடையுங்கள், பின்னேரத்தில் மட்டும். ஒரு கிழமை இடைவெளியில் மூன்று முறை. வேப்பெண்ணெய் தெளிப்பது இந்தக் கன்றுக்குச் சரியில்லை. எண்ணெய்ப் படலத்தோடு அடுத்த நாள் வெயில் பட்டால் தோல் கருகும். சாடியின் உட்சுவரில் வெள்ளைப் பஞ்சு கண்டால் வேரிலும் பூச்சி இருக்கிறது: கலவையை எறிந்து, வேரைக் கழுவி, ஒரு கிழமை காயவைத்துப் புதிதாக நடவேண்டும். சோளகக் காலத்தில் சிற்றுண்ணி வரும். உச்சியில் துருப்பிடித்தது போன்ற சொரசொரப்பு அதன் வேலை. கிழமைக்கு இருமுறை காலையில் தண்ணீரை விசையோடு பீச்சி அடித்தால் தொடக்கத்தில் கட்டுப்படும். கந்தகத் தூளை 32 பாகைக்கு மேல் வெப்பமுள்ள நாளில் பாவித்தால் பூச்சியோடு தோலும் போகும். மாரியில் நத்தை இரவில் ஏறிக் கோதும், ஆகவே சாடிகளை நிலத்தில் வைக்காமல் இரும்புத் தட்டில் வையுங்கள்.

அழுகல் கண்டுவிட்டால்? வேரில் மட்டும் நின்றால் நல்ல வெள்ளைச் சதை தெரிகிற வரை வெட்டி, இரண்டு கிழமை காயவைத்து முயலலாம். உருண்டைக்குள் பழுப்பு வளையம் ஏறிவிட்டால் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. பால் சிந்தச் சிந்தத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு போவதில் பயனில்லை. அந்தச் சாடியையும் கலவையையும் மற்றக் கன்றுகளுக்குப் பாவிக்காதீர்கள்.

பார்சலில் தருவிப்பவர்களுக்கு: மாசி, பங்குனி மாதங்கள்தான் நல்ல காலம். மாரி முடிந்திருக்கும், மாற்றி நட்ட கன்றுக்கு அடுத்த மாரிக்கு முன் வேர் பிடிக்க ஏழெட்டு மாதம் கிடைக்கும். கார்த்திகை மாதக் கண்காட்சிகளில் கண்ணைப் பறிக்கும் கன்றுகள் வரும். அப்போது வாங்கினால் உடனே சாடியிலிருந்து எடுத்து, வேரிலுள்ள தும்புத்தூளை உதிர்த்து, காய்ந்த கலவையில் தண்ணீர் விடாமலே தை வரை வைத்திருங்கள். இந்தக் கன்று அதைப் பொறுக்கும். வெளிநாட்டிலிருந்து தருவிக்க நினைப்பவர்கள், சதைப்பற்றுள்ள யூபோர்பியாக்கள், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை என்பதை அறிந்திருக்கவேண்டும். கன்றுக்கு அதற்குரிய அனுமதியும், தாவரத் தடுப்புக்காப்பு அனுமதியும் வேண்டும். கடித உறைக்குள் ஒளித்து அனுப்புபவரிடம் வாங்காதீர்கள்.

எத்தனை வாங்குவது என்பதில் எங்கள் கருத்து உறுதியானது: ஒன்று வாங்கவேண்டாம். இந்தக் கன்றில் ஆண் வேறு, பெண் வேறு. பக்கக்கிளை விடுவதில்லை, ஆகவே பெருக்க விதை ஒன்றுதான் வழி. பூக்கும் வரை ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. பூக்காத கன்றைச் ‘சோடி’ என்று விற்பவரை நம்பவேண்டாம். ஆணும் பெண்ணும் சரிபாதியாக வரும் என்று கொண்டால், மூன்று கன்றில் சோடி அமைய நூற்றுக்கு 75 வாய்ப்பு, நாலில் ஏறத்தாழ 88, ஐந்தில் ஏறத்தாழ 94. ஐந்து சிறிய கன்று வாங்கும் காசு ஒரு பெரிய ஒட்டுக்கன்றின் விலையைப் பார்க்க எவ்வளவோ மேல்.

ஐந்து சென்ரிமீற்றர் தாண்டும் அளவில் உச்சியில் கடுகளவு பூக்கள் வரும். மஞ்சள் மகரந்தம் தெரிந்தால் ஆண். நடுவில் மூன்றாகப் பிரிந்த சூல்முடி நின்றால் பெண். காலையில் மெல்லிய தூரிகையால் ஆணிலிருந்து தொட்டுப் பெண்ணில் தடவுங்கள், மூன்று நாள் தொடர்ந்து. பிடித்தால் மூன்று அறையுள்ள சிறு காய் திரளும். அது முற்றியதும் வெடித்து விதையைப் பல அடி தூரம் எறியும். ஆகவே பச்சை மங்கத் தொடங்கும்போதே மெல்லிய வலைத்துணியால் உச்சியை மூடி நூலால் கட்டிவிடுங்கள். ஒரு காயில் அதிகம் மூன்று விதை. வைத்திருக்க வைத்திருக்க முளைதிறன் குறையும், ஆகவே எடுத்த கிழமையே அதே கலவையை இன்னும் நுண்ணியதாக அரித்து, கொதிநீர் ஊற்றி ஆறவைத்து, விதையை அதன் பருமனளவு ஆழத்தில் போடுங்கள். மேலே கண்ணாடித் துண்டு வைத்து வெளிச்சமான நிழலில் வைத்தால் எங்கள் வெப்பத்துக்கு ஒன்றிரண்டு கிழமையில் முளைக்கும். முளைத்த மூன்றாம் நாளிலிருந்து கண்ணாடியைத் தினமும் சற்றுச் சற்றாக விலக்கி, இரண்டாம் கிழமை முடிவில் எடுத்துவிடுங்கள். முதல் மாரி முழுவதும் அந்த நாற்றுகள் விறாந்தைக்கு உள்ளேதான் இருக்கவேண்டும்.